குதிகால் நாண் அறுதல்

ஆடுசதையின் இரு பெரிய தசைகளையும் குதிகால் எலும்போடு பிணைக்கும் தடித்த நாண் முழுதாகவோ பாதியாகவோ அறுந்துபோவதே குதிகால் நாண் அறுதல். கிரேக்கத் தொன்ம வீரன் அக்கிலீசின் பெயரால் இதை அக்கிலீஸ் நாண் என்றும் சொல்வார்கள். உடலில் உள்ள நாண்களில் தடிமனிலும் வலிமையிலும் இதற்கே முதலிடம். நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. நடக்கையில் குதிகாலைத் தரையிலிருந்து எழுப்புவதும், ஓடுகையில் உடல் எடையைப் போலப் பல மடங்கு இழுவிசையைத் தாங்குவதும் இதன் வேலை.

பெரும்பாலும் குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலேதான் நாண் அறுகிறது. அந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. வயது ஏற ஏற இழைகளும் நைந்துபோகின்றன. 30 முதல் 50 வயதுக்குட்பட்ட ஆண்களிடம், அதிலும் வாரம் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு ஞாயிறன்று பேட்மிண்டனோ கால்பந்தோ ஆட இறங்குபவர்களிடம், இது மிகுதி. முழங்காலை நீட்டி முன்பாதத்தை ஊன்றிச் சட்டென்று பாயும் நொடியில் அறுந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும். இதற்காக 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவற்றின் மீது கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. 60 வயதைக் கடந்தவர்களும் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அறுந்த நொடியில் பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்தது என்றே பலரும் சொல்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. 'டப்' என்ற ஓசையும் கேட்கலாம். வலி சீக்கிரமே தணிந்துவிடுவதுண்டு. நொண்டியபடி நடக்கவும் முடியும். 2013 ஏப்ரலில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் நாண் அறுந்த காலோடு நின்று இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டுவிட்டுத்தான் களத்தை விட்டு வெளியேறினார். விரல்களை மடக்கும் தசைகள் உள்பட வேறு சில தசைகளும் பாதத்தைக் கீழ்நோக்கி அசைக்கும் என்பதால், "பாதத்தை அசைக்க முடிகிறதே, சுளுக்குத்தான்" என்று நோயாளி மட்டுமல்ல, சில நேரம் மருத்துவரும் ஏமாந்துவிடுகிறார். நம் ஊரில் இதற்குமேல் எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் நடக்கிறது. அது கூடவே கூடாது.

இத்தனைக்கும் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நோயாளியைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட்டு, ஆடுசதையைக் கையால் அழுத்த வேண்டும். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி வளையும். நாண் முழுதாக அறுந்த காலில் அசையாது. மருத்துவர்கள் சிம்மண்ட்ஸ் 1957இலும் தாம்சன் 1962இலும் விவரித்த சோதனை இது. அறுந்த இடத்தில் விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்படலாம். ஐயம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். மருத்துவமனை போய்ச் சேரும் வரை அந்தக் காலை ஊன்றாமல், பாதத்தைக் கீழ்நோக்கிய நிலையில் வைத்திருப்பது நல்லது.

அறுந்த முனைகள் பிரிபிரியாகக் கிழிந்த கயிறுபோல இருக்கும். அவற்றை நெருக்கமாக வைத்தால் தாமே ஒட்டும். சிகிச்சையின் அடிப்படை அதுதான். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்து மாவுக்கட்டோ, குதிகாலடியில் ஆப்புகள் வைத்த பூட் காலணியோ போடுவது ஒரு வழி; அறுவை செய்து தைப்பது இன்னொன்று. 2022இல் வெளிவந்த நார்வே ஆய்வில் ஓராண்டு முடிவில் காலின் செயல்திறனில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மீண்டும் அறுந்தது மட்டும் அறுவை இல்லாதோரில் 6.2 சதவீதம், அறுவை செய்தோரில் 0.6 சதவீதம். மறுபுறம், நரம்புக் காயம் அறுவையில் அதிகம்: திறந்த முறையில் 2.8, சிறு துளை முறையில் 5.2, அறுவை இல்லாதோரில் 0.6 சதவீதம். இதோடு புண்ணில் கிருமி பிடிக்கும் ஆபத்தையும் சேர்க்க வேண்டும். ஆகவே இளம் விளையாட்டு வீரருக்கு அறுவை பொருந்தலாம். சர்க்கரை நோயாளிக்கும் புகைப்பவருக்கும் பூட் காலணியே பாதுகாப்பு. எல்லோருக்கும் ஒரே விடையைச் சொல்வது சரியல்ல.

எந்த வழியானாலும் பலனைத் தீர்மானிப்பது பிறகு வரும் மாதங்கள். ஆப்புகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, பல வாரங்கள் கழித்தே பூட் காலணியைக் கழற்றுவார்கள். அவசரப்பட்டு நாணை நீட்டிப் பயிற்சி செய்தால் அது நீண்ட நிலையிலேயே ஆறிவிடும். குதிகாலை உயர்த்தும் வலு திரும்பாது. இடையில் ஆடுசதை வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைப் பலமுறை உயர்த்த முடிவது முன்னேற்றத்துக்கு நல்ல அடையாளம். ஆட்டத்துக்குத் திரும்ப 6 முதல் 12 மாதம் ஆகும்.

சுளுக்கென்று நினைத்து நான்கைந்து வாரம் கடத்தியவர்களின் நிலை கடினமானது. தசை சுருங்கி, இடைவெளியில் வடுத் திசு நிரம்பிவிடுவதால் முனைகளை நேராகத் தைக்க முடியாமல் போகலாம். அப்போது பெருவிரலை மடக்கும் நாணை எடுத்துக் குதிகால் எலும்பில் பொருத்துவது வழக்கம். நடை பெரும்பாலும் சீராகிவிடுகிறது. பழைய வலு முழுதாகத் திரும்புவது அரிது.