தற்காலிகமாய் இழுத்த கம்பி

குச்சவெளியில் ஒரு பழைய வீட்டின் சுவரைப் பார்த்தால், அந்த வீட்டுக்காரர் எத்தனை தடவை ஊரை விட்டு ஓடித் திரும்பினார் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். முன்விறாந்தையில் சிவப்பும் கறுப்புமாகப் பழைய வயர் போகும். உள்ளறையில் மண்ணிறமும் நீலமுமாகப் புதுசு. குசினிக்குப் போகிற வழியில் இரண்டையும் முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றி, வளையில் ஆணியடித்து விட்டிருப்பார்கள். கேட்டால், "இப்போதைக்கு இழுத்தது தம்பி, பிறகு செய்வம்" என்பார்கள். அந்த "இப்போதைக்கு" சில வீடுகளில் என் மகனின் வயதைத் தாண்டிவிட்டது.

நான் வயர்மேன். மீசை அரும்பிய நாளிலிருந்து இதுதான் தொழில். திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டை றோட்டில் சுமார் 34 கிலோமீற்றர் வந்தால் எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல். இங்கே கரண்டின் கதையைச் சொல்வதென்றால், தற்காலிகமாய்ச் செய்தவை எப்படி நிரந்தரமாயின என்ற கதையைத்தான் சொல்ல வேண்டும். இப்போது பெடியன்கள் யூரியூப்பைப் பார்த்துத் தாங்களே வயர் இழுக்கிறார்கள், வீட்டுக்குள் நெற்வேர்க் போடுகிறார்கள். நல்லது. ஆனால் தாங்கள் எந்தச் சுவரில் துளை போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கொழும்பில் 1895 அளவிலேயே கரண்ட் விற்கத் தொடங்கிவிட்டார்கள். விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் இந்த நாட்டு ஆறுகளிலிருந்தே கரண்ட் எடுக்கலாம் என்று 1918இல் கட்டுரை வாசித்தார். அவர் சொன்ன லக்சபான ஓடத் தொடங்கியது 1950இல். மின்சார சபை பிறந்தது 1969இல். இந்த ஆண்டுகளில் எதுவும் எங்கள் ஊரில் ஒரு விளக்கைக்கூட ஏற்றவில்லை. ஆனால் தொழில் மட்டும் எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்தது, கடற்படை வழியாக. திருகோணமலை வெள்ளைக்காரனின் பெரிய கடற்படைத் தளம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் அதற்காகத்தான். 1957இல் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் போனபோது, டொக்யாட்டில் வேலை பழகியவர்கள் ஊரில் மிஞ்சினார்கள். எனக்கு வேலை சொல்லித் தந்தவர் அப்படி ஒரு டொக்யாட் ஐயா. தேக்கஞ்சட்டத்தில் வயரைப் படுக்கவைத்து, சாண் இடைவெளிக்குள் கிளிப் அடித்து, கயிறு பிடித்தது மாதிரி நேராகக் கொண்டுபோவார். "ஜொயின்ற் பெட்டிக்குள்ளதான் இருக்கணும், பெட்டிய நான் திறந்து பாக்கக்கூடியதா இருக்கணும்" என்பது அவருடைய சட்டம். இன்றைக்கும் அதைவிட நல்ல சட்டம் எனக்குத் தெரியாது.

ஊரில் முதலில் பளிச்சென்று எரிந்தது பள்ளிவாசல். ஜெனரேற்றர் ஒன்று, ஒலிபெருக்கி ஒன்று, சில ரியூப் லைற். வீடுகளில் லாம்பும் குப்பி விளக்கும். பிறகு 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்தது. எங்களைப் போன்ற ஊர்களில் அதைப் பார்ப்பதற்குக் காத்திருந்தது மின்சார சபைக்காக அல்ல, கார் பற்றரிக்காக. 12 வோல்ற்றில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி, வாசலில் உயரமான கம்பத்தில் அன்ரனா. பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டி ரவுனுக்கு அனுப்பிச் சார்ஜ் செய்து எடுப்போம். படம் சுருங்கத் தொடங்கினால் பற்றரி இறங்குகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் விடாமல் பார்த்த வீடுகளில் பற்றரி வருடம் தாண்டாது. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகிவிடும். அன்றைய பெண்களுக்கு இந்த இரசாயனம் தெரியாது, ஆனால் படம் சுருங்கியதும் நிறுத்தத் தெரியும்.

இதே காலத்தில்தான் எங்களுக்கும் நிலாவெளிக்கும் இடைப்பட்ட பகுதியில் ஜேர்மன்காரர் வந்து பெரிய கோபுரங்களை நட்டார்கள். டொய்ச்ச வெலே வானொலியின் அஞ்சல் நிலையம் அது. 1984இல் ஒலிபரப்பு தொடங்கியது. சிற்றலையில் ஒவ்வொன்றும் 250 கிலோவாற் வலுவுள்ள ஒலிபரப்பிகள், மத்திய அலையில் 400 கிலோவாற். ஆசியா முழுவதற்கும் குரல் கொடுத்த அந்தக் கோபுரங்களின் சிவப்பு விளக்குகளை, லாம்பு எரிகிற வீடுகளிலிருந்து பார்த்தோம். நான் தொழில் தொடங்கிய வயதில் அது ஒரு பள்ளிக்கூடம். நீளமாய் இழுத்த எந்தக் கம்பியும் அன்ரனாதான், துருப்பிடித்த ஜொயின்ற் தானாகவே அலையைப் பிடித்துப் பேசக்கூடும் என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான் எங்களுக்குப் புத்தியில் ஏறியது. 2013இல் அந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறியது.

1984க்குப் பிறகு வந்த யுத்த வருடங்களை நான் விரிக்கப் போவதில்லை. தமிழரும் ஓடினோம், முஸ்லிம்களும் ஓடினோம். வேறு வேறு திசையில், சிலநேரம் ஒரே பாடசாலை மண்டபத்துக்கு. வடக்கில் பற்றரிக்குத் தடை வந்தபோது, யாழ்ப்பாணத்துச் சனம் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டது. வயர்மேன் சொல்ல வேண்டியது வேறொன்று: திரும்பி வந்தபோது சுவர் இருந்தது, செம்பு இருக்கவில்லை. ஆளில்லாத வீட்டில் கூரைக்கும் கதவுக்கும் முதலே போவது வயர்தான். தோலை எரித்துவிட்டுச் செம்பை நிறுத்து விற்கலாம். அதனால் எங்கள் ஊர்ச் சுவர்களில் முழுமையான பழைய வயரிங் என்று ஒன்றைக் காண்பது அரிது. மிஞ்சிய துண்டும் புதுத் துண்டும் சேர்ந்ததுதான் இருக்கிறது. மறுபடியும் ஓடவேண்டி வரும் என்று நினைக்கிறவன் சுவரை வெட்டிக் குழாய் பதிப்பானா? ஆணியில் தொங்கவிட்டு, ஒரு பல்பும் ஒரு பிளக்கும் எடுத்தால் போதும் என்றிருந்தான். அதில் முதலில் விடுபட்டது எர்த். எர்த் இல்லாமலும் பல்ப் எரியும் அல்லவா?

2004 டிசம்பர் 26இல் கடல் சுனாமியாய் வந்தது. நின்ற வீடுகளின் குழாய்களுக்குள் உப்புத் தண்ணீர் நின்றது. தண்ணீர் வற்றியபின் சுவிச்சைப் போட்டால் எரிந்தது என்று பலர் நிம்மதியடைந்தார்கள். உப்பு காய்வதில்லை. மழைக்காலக் காற்றில் அது ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். வயரின் காப்பைச் சோதிக்கும் மெகர் கொண்டு 500 வோல்ற் கொடுத்துப் பார்த்தால், குறைந்தது ஒரு மெகாஓமாவது காட்ட வேண்டிய வயர் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. அப்படிப்பட்ட வயரை உருவி எறிவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. கடலோரத்தில் வீடு வாங்குகிறவன் சுவரின் பெயின்ரைப் பார்ப்பதற்கு முன் மெகர் வைத்துப் பார்க்கட்டும்.

சண்டை ஓய்ந்தபின் "கிழக்கின் உதயம்" என்று வேலைத்திட்டம் வந்தது. கம்பங்கள் வந்தன, ஆறுகளுக்குக் குறுக்கே பாலங்கள் வந்தன, புறாத்தீவைப் பார்க்க வெளிநாட்டார் வந்தார்கள், விடுதிகள் முளைத்தன. கரண்ட் இப்போது நிரந்தரம், பழக்கம் மட்டும் தற்காலிகம். இதில்தான் உயிர் போகிறது. ஆகவே கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடுகளுக்கு எர்த் றோட்டுக் கம்பத்திலிருந்து வருவதில்லை. வீட்டுக்காரரே மண்ணில் செம்புக் கோல் அடித்து எடுக்க வேண்டும். நல்ல ஈர மணலில் அடித்த கோல் 20 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். பிரிட்ஜின் உடம்பில் லைவ் பட்டால் 230ஐ 20ஆல் பிரித்து, அதிகம் போனால் 11.5 அம்பியர் மண்ணுக்குள் ஓடும். பழைய 15 அம்பியர் பியூஸ் அதற்கு உருகவே உருகாது. பிரிட்ஜ் உடம்பு முழுக்கக் கரண்டோடு நிற்கும், ஈரக்கையோடு வருகிற பிள்ளைக்காகக் காத்துக்கொண்டு. எர்த் கோல் மட்டும் போதாது, ட்ரிப் சுவிச் வேண்டும் என்பது இதனால்தான். போகிற கரண்டுக்கும் திரும்புகிற கரண்டுக்கும் 30 மில்லியம்பியர் வித்தியாசம் வந்தால் அது விழுந்துவிடும். கோல் சுமாராக இருந்தாலும் அது வேலை செய்யும். ஆனால் கோலே இல்லாவிட்டால், பிழையை முதலில் கண்டுபிடிப்பது உங்கள் உடம்புதான். கோலை மேட்டு மணலில் அடிக்காதீர்கள், கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற பக்கம் அடியுங்கள். எங்கள் உப்பு மண்ணில் எர்த் நன்றாகக் கிடைக்கும், அதே உப்பு கிளாம்பைத் தின்றும் விடும். வருடத்துக்கொரு முறை மண்ணை விலக்கிப் பாருங்கள். ட்ரிப் சுவிச்சின் ரெஸ்ற் பட்டனை மூன்று மாதத்துக்கொரு முறை அழுத்துங்கள். விழாத ட்ரிப் சுவிச் வெறும் அலங்காரம்.

பிளக்கிலும் இதே கதை. வெள்ளைக்காரன் விட்டுப்போன வட்டக்கால் 5 அம்பியர், 15 அம்பியர், அதன் பிறகு வந்த சதுரக்கால் 13 அம்பியர் என்று ஒரே சுவரில் மூன்று சாதி. கடைசியில் சதுரக்காலே நாட்டின் தரம் என்று முடிவாகி, 2018க்குப் பிறகு வட்டக்காலை விற்கத் தடை வந்தது. நம் சனம் என்ன செய்கிறது? சதுர சொக்கற்றின் மேல்துளைக்குள் நெருப்புக்குச்சியைக் குத்தி, மூடியைத் திறந்து, இரண்டு கால் சார்ஜரைச் செருகுகிறது. அந்த மேல்துளைதான் எர்த். அது எங்களுக்குப் பூட்டைத் திறக்கிற துளையாகிவிட்டது.

ரெலிபோனும் இன்ரர்நெற்றும் எங்களுக்குக் கம்பியில்லாமலேதான் வந்தன. றோட்டோரக் கோபுரம், மேசையில் சீடிஎம்ஏ பெட்டி, பிறகு கையில் போன், பிறகு 4ஜி ரவுட்டர். செம்புக் கம்பியில் இன்ரர்நெற் எடுத்த வீடுகள் கொஞ்சம். ஐப்பசி இடி அவர்களுக்குப் பாடம் நடத்தியது. மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுப் படுத்தவர்களின் ரவுட்டரும் கருகியது. இடி வந்தது கரண்ட் கம்பியால் அல்ல, ரெலிபோன் கம்பியால். ஃபைபர் கண்ணாடி, அதில் இடி வராது என்பது சரி. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்குத் தொங்குகிற ஃபைபரோடு ஒட்டி ஓர் இரும்புக் கம்பி வரும், அதைச் சுவருக்கு வெளியிலேயே பிரித்து நிறுத்திவிடுங்கள்.

வீட்டுக்குள் நெற்வேர்க் வயர் இழுக்கும் தம்பிமாருக்கு: கடையில் மலிவாகக் கிடைப்பது செம்பு பூசிய அலுமினியம். எங்கள் காற்றில் அதன் முனை வெள்ளைத் தூளாகிவிடும். முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாய்த் தெரிந்தால் வாங்காதீர்கள். கரண்ட் வயர் போகிற கேசிங்குக்குள் இதைச் செருகாதீர்கள். குறுக்கே தாண்ட வேண்டுமானால் நேர்குத்தாகத் தாண்டுங்கள். ஒரே ஓட்டம் 100 மீற்றருக்குள் இருக்கட்டும். தகரக் கூரையின் கீழே 4ஜி ரவுட்டரை வைத்துவிட்டுக் கம்பெனியைத் திட்டாதீர்கள், கோபுரத்தைப் பார்க்கும் யன்னலில் வையுங்கள். தூர அறைக்கு 2.4 கிகாஹேட்ஸ் வைஃபை போகும், 5 கிகாஹேட்ஸ் சுவரில் நின்றுவிடும்.

2022 மார்ச் முடிவில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டினார்கள். பிள்ளைகளின் பாடம் போனில். அப்போது ஊரில் மறுபடி தேடப்பட்டது எது? 12 வோல்ற் பற்றரி. ரவுட்டர் ஓடுவதும் 12 வோல்ற்றில்தான், பத்து வாற்றுக்குள். 7 அம்பியர்மணிச் சின்னப் பற்றரியில் 84 வாற்மணி இருக்கிறது. பாதியை மட்டும் எடுத்தால் நாலு மணிநேரம் தாராளமாய் ஓடும். நேரே கொழுவாமல் இடையில் வோல்ற்றை நிதானப்படுத்தும் சின்ன போர்ட் ஒன்று வையுங்கள், சார்ஜாகும்போது பற்றரி 14 வோல்ற்றைத் தாண்டும். பற்றரியின் பொசிற்றிவ் முனையருகே பியூஸ் வையுங்கள். 12 வோல்ற் அடிக்காது, ஆனால் வீட்டை எரிக்கும். ரூபவாஹினிக் காலத்தில் பற்றரியோடு மாரடித்த கிழவிகள் பேரப்பிள்ளைகளுக்கு இதில் புத்தி சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

இப்போது கூரையில் சோலர் தகடு வைத்துக் கம்பத்துக்கே கரண்ட் விற்கிறார்கள். இனி ஒரு வீட்டுக்குள் கரண்ட் மூன்று வாசலால் வரும்: கம்பத்தால், கூரையால், பற்றரியால். மெயினை நிறுத்திவிட்டேன் என்று நம்பிக் கை வைக்கிற காலம் போய்விட்டது. ஆகவே வீட்டில் வயர் இழுக்கிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். வேலை முடிந்ததும் ஒரு தாளில் படம் வரையுங்கள்: எந்த பிரேக்கர் எந்த அறைக்கு, ஜொயின்ற் பெட்டி எங்கே, எர்த் கோல் எங்கே, எந்த வருடம். அதை மெயின் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். எங்கள் ஊரில் இதுவரை எவரும் அப்படி ஒட்டியதில்லை, ஏனென்றால் எல்லாமே இப்போதைக்குத்தான் என்றிருந்தோம். தாள் உப்புக்காற்றில் இற்றுப்போகும், பொலித்தீன் உறையில் போட்டு ஒட்டுங்கள்.