அளக்கப்பட்டோரும் அளவுகோலும்

அறிவியல் பட்டம் எனின் இயற்பியல், வேதியியல், கணிதம் என்றே நம் பெற்றோர் எண்ணுவர். மானிடவியல் என்றொரு பாடம் உண்டு. அதனையும் அறிவியல் பட்டமாகவே பயிலலாம் எனக் கூறினால், ‘அது சாதிகளைப் பற்றிய படிப்பு அன்றோ?’ என வினவுவோர் உளர். அவ்வினாவில் தவறில்லை. அவ்வாறு எண்ணுதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது.

1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக விளங்கியவர் எட்கர் தர்ஸ்டன். அளவுக் கருவிகளுடன் ஊர் ஊராகச் சென்று, மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்தவர் அவர். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் எண்ணுக்கு மூக்குக் குறியீடு என்பது பெயர். இவ்வெண் உயர உயரச் சாதியின் நிலை தாழும் என்பது 1901ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ரிஸ்லியின் கொள்கை. தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் நூலை 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். அளக்கப்பட்டோருள் நம் முன்னோரும் இருந்தனர். அவ்வளவு எதற்காக என்று அவர்களுக்கு எவரேனும் எடுத்துரைத்திருப்பர் எனத் தோன்றவில்லை.

இதே காலத்தில் வேறு வகையான அறிக்கை ஒன்றும் எழுந்தது. நம் வல்லம் வடகால் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமன்ஹீர், 1891இல் இம்மாவட்டப் பறையர் நிலை பற்றி எழுதியது அது. கூலி, கடன், குடியிருக்கும் மனை, உழும் நிலம் ஆகியவற்றையே அவர் ஆராய்ந்தார். அதன் தொடர்பாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலத்திற்கு வழிகோலியது. மூக்கை அளந்தவரை விட நிலத்தைக் கணக்கிட்டவர் நமக்கு நெருங்கியவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எனினும் மானிடவியலை நாம் ஒதுக்கிவிடுதற்கில்லை. அண்ணல் அம்பேத்கர் அதனை ஒதுக்கவில்லை, கற்றார். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில், 25 வயதே நிரம்பிய அவர் இந்தியச் சாதிகளைப் பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். சாதியின் உயிர்நிலை அகமணமே என்பதும், புறமண வழக்கமுடைய மக்கள் மீது அது பின்னர்ச் சுமத்தப்பட்டது என்பதும் அதன் கருத்து. 32 ஆண்டுகள் கழித்து, தீண்டப்படாதோர் யார் என ஆராய்ந்து அவர் எழுதிய நூலில் மூக்குக் குறியீட்டையே கையில் எடுத்தார். மாகாணம் மாகாணமாகப் பார்ப்பனர் அளவையும் தீண்டப்படாதோர் அளவையும் அருகருகே வைத்து, இருவரும் வெவ்வேறு இனத்தார் என்பதற்கு இவ்வெண்களில் ஆதாரம் இல்லை எனக் காட்டினார். அளந்தோர் சேர்த்து வைத்த எண்களே அளந்தோரின் கொள்கையை மறுத்தன.

பின்னாளைய மரபணு ஆய்வும் ஈண்டுக் கருதத்தக்கது. ஐதராபாத்து உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மைய அறிஞரும் ஹார்வர்டு அறிஞரும் கூடி 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்திய மக்களிடையே ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பரவலான கலப்பு நிகழ்ந்தது; அதன் பின்னரே அகமணம் இறுகியது. கலப்பு முன், கட்டுப்பாடு பின் என்னும் வரிசையை 1916லேயே ஓர் இளைஞர் குருதிச் சோதனை ஏதுமின்றி உய்த்துணர்ந்தார் என்பது வியப்பே.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1920ஆம் ஆண்டளவில் இப்பாடத்திற்குத் தனித்துறை அமைந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1947இல் தொடங்கப்பெற்ற துறை அறிவியல் புலத்தைச் சார்ந்தது. எலும்பைக் கொண்டு வயதும் பாலும் காணுதல், குருதி வகை, மரபணு, தொல்கருவி, ஊரில் தங்கிக் கள ஆய்வு ஆகியன அங்குப் பாடம். சென்னைப் பல்கலைக்கழகத் துறையோ எம்.ஏ. பட்டம் வழங்குவது.

களம் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இராபர்ட் புருசு பூட்டு 1863இல் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இடம் பல்லாவரம். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் மத்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோதும் கற்கருவிகள் கிடைத்தன. தொழிற்பேட்டைக்காக மண் புரட்டப்படும் இவ்வட்டாரத்தில், புரளும் மண்ணைப் படிக்கத் தெரிந்தவர் நம்முள் ஒருவரேனும் வேண்டும்.

நம் மாலை வகுப்பில் பயின்று, மேல்நிலைத் தேர்வில் அறிவியற் பாடங்களில் தேறிய மாணவி ஒருத்தி இப்பட்டத்தைப் பயில விரும்பினாள். விவரம் கேட்க வந்த அவள் தாயார், எலும்பு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறினார். “எங்க மாமனார் காலத்தோட அந்தச் சுடுகாட்டு வேலையை விட்டோம் ஐயா. மறுபடியும் எலும்பு எடுக்கவா பொண்ணை அனுப்பச் சொல்றீங்க?” என்றார். எனக்கு உடனே விடை வரவில்லை. மகள்தான் அவரைத் தனியே அழைத்துச் சென்று நெடுநேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் இருவருமாக வந்து நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை நிரப்பினர்.