ஆம்பூரா, ஏலகிரியா... வீடு பார்க்கும் முன் இதைக் கவனிங்க!

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வேலைக்குப் போறீங்களா? வாடகையைக் கேட்கும் முன் தண்ணீரைப் பத்திக் கேளுங்க. தோல் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதை உச்ச நீதிமன்றமே 1996 தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் இணைப்பு இருந்தால் நிம்மதி. போர் தண்ணீர் மட்டும்தான்னா, ஆய்வகத்தில் கொடுத்து உப்பு, குரோமியம் அளவைப் பாருங்க. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது.

தினமும் ரயிலில் போகிறவர்களுக்கு ஜோலார்பேட்டை வசதி. ஏலகிரி மலையில் அத்தனாவூர் பக்கம் குளுகுளுன்னு இருக்கும். ஆனா, 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் ஏறி இறங்கணும். வயதானவர்கள் இருந்தால் மருத்துவமனை எவ்வளவு தூரம்னும் பாருங்க.

முக்கியமா, கோடையில் ஒருமுறை குழாயைத் திறந்து பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க!