மணமுறிவும் பொருட்பங்கும் குழந்தையின் க்ஷேமமும்: ஹிந்து விவாகச் சட்டத்தின் ஒரு குறை

விவாகத்தைப் புனிதமான பந்தமாகக் கொண்ட ஒரு சமுதாயம் அந்தப் பந்தத்தை முறித்துக்கொள்ளவும் வழிவகுக்க முன்வரும்போது, மூன்று கேள்விகள் அதன் முன் ஒருங்கே எழுகின்றன. தம்பதிகள் எக்காரணம் பற்றிப் பிரியலாம்? அவர்கள் கூடி வாழ்ந்த காலத்தில் சேர்ந்த பொருள் யாருக்கு உரியது? அவர்களுக்குப் பிறந்த குழந்தை யாரிடம் வளர்வது? 1955-ஆம் ஆண்டின் ஹிந்து விவாகச் சட்டமும் அதன் திருத்தங்களும் முதற் கேள்விக்கு விரிவான விடை கூறியிருக்கின்றன. மூன்றாவது கேள்விக்கு அதனோடு சேர்ந்து நிற்கும் பிற சட்டங்கள் ஓர் உயர்ந்த தத்துவத்தை வகுத்திருக்கின்றன. இரண்டாவது கேள்வி மட்டும் ஏறக்குறைய விடையின்றியே விடப்பட்டிருக்கிறது. இந்த ஒரு மௌனம் மற்ற இரண்டு விடைகளின் பயனையும் கெடுக்கிறது என்பதும், பொருட்பங்கு ஓர் உரிமையாக வகுக்கப்படாத வரையில் குழந்தையின் க்ஷேமம் பேரத்துக்கு உட்பட்டே தீரும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பிரிவின் வழி

மணமுறிவு தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று. பல சமூகங்களில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் உறவைத் தீர்த்துவிடும் வழக்கமும், பிரிந்த பெண் மறுமணம் கொள்ளும் 'அறுத்துக் கட்டும்' வழக்கமும் நெடுங்காலமாக இருந்துவந்தன. இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்துக்கு இடமளிக்கும் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1949-லேயே இயற்றிவிட்டது. அகில இந்தியாவுக்கும் பொதுவாக வந்த 1955 சட்டம் அதன் இடத்தைப் பெற்றுக்கொண்டபோதும், வழக்காறு பற்றிய மணமுறிவை 29-ஆம் பிரிவின்மூலம் காத்து வைத்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் கொடுமையையும் கைவிடுதலையும் விவாகரத்துக்கு உரிய காரணங்களாக்கியதோடு, பரஸ்பர சம்மதத்தால் பிரியும் வழியையும் 13-பி பிரிவாகச் சேர்த்தது. ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்த தம்பதிகள் கூட்டாக மனுச் செய்து, ஆறு மாதம் கழித்துப் பதினெட்டு மாதத்துக்குள் மீண்டும் நீதிமன்றத்தை அணுகித் தங்கள் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அந்த ஆறு மாதத்தைத் தக்க சந்தர்ப்பங்களில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மீளமுடியாதபடி சிதைந்துபோன விவாகத்தை அரசியல் சாசனத்தின் 142-ஆம் விதியின்படி தானே கலைக்கலாம் என்று 2023-இல் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அதன் ஆயம் தீர்ப்பளித்தது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கை விசாரிக்குமுன் சமரசத்துக்கு முயல வேண்டிய கடமையை நீதிபதிக்கு விதித்திருக்கிறது. ஆக, பிரியும் வழியைப் பொறுத்தவரை நம் சட்டம் அரைநூற்றாண்டுக்கு மேலாக ஓயாது சிந்தித்து வந்திருக்கிறது.

பொருளைப் பற்றிய மௌனம்

பொருள் விஷயத்தில் அத்தகைய சிந்தனையைக் காணோம். விவாகச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மணத்தின்போதோ அதையொட்டியோ அளிக்கப்பட்டு இருவருக்கும் கூட்டாக உரியதாகிய பொருளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஸ்திரீதனம் முழுமையாகப் பெண்ணுக்கே உரியது என்பதையும், கணவன் கைக்கு வந்தாலும் அவன் அதற்கு வெறும் காவலனே என்பதையும் உச்ச நீதிமன்றம் 1985-இல் உறுதிசெய்தது. ஆயினும் இவ்வுரிமையை நிலைநாட்டப் புகும் பெண்ணின் மனுவைச் சற்று அருகிருந்து பார்த்தால் அதன் எல்லை விளங்கும். இத்தனை பவுன் நகை, பித்தளை அண்டா, குத்துவிளக்கு, கட்டில், பீரோ என்று சீர்வரிசைப் பட்டியல் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவற்றுக்கு ரசீது இராது. கல்யாண ஆல்பத்தில் அவள் அணிந்திருக்கும் ஆரமும் வளையலும் சான்றாகக் காட்டப்படும். அவை அடகுக் கடைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆயின என்று எதிர்மனு கூறும். இவ்வளவு பாடுபட்டு அவள் மீட்பதும் மணநாளில் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததையே அன்றி, அதற்குப் பிந்திய பதினைந்து இருபது ஆண்டு வாழ்வில் தன் உழைப்பால் சேர்ந்ததில் ஒரு பங்கையன்று.

வீடு கணவன் பெயரில் இருக்குமாயின் வீடு கணவனுடையது. மாதாமாதம் வங்கித் தவணை கட்டக் கூடியதற்கு, சமையற்காரியோ குழந்தைக்கு ஆயாவோ நோயாளி மாமியாருக்குத் தாதியோ அமர்த்தவேண்டிய செலவு அக்குடும்பத்துக்கு நேராமற்போனதும் ஒரு காரணம் என்பதைப் பத்திரம் பதிவு செய்வதில்லை. 25-ஆம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம் கோரலாமே என்று கேட்கப்படலாம். இரு தரப்பின் வருமானத்தையும் சொத்தையும் நடத்தையையும் சீர்தூக்கி நீதிபதி தம் விவேகப்படி அளிப்பது ஜீவனாம்சம்; அது தேவை பற்றிய உதவியே அன்றி, உழைப்புப் பற்றிய உரிமையன்று. தேவையுடையவள் கேட்டு நிற்கிறாள். உரிமையுடையவள் கணக்குப் பார்த்துப் பெறுகிறாள். இவ்விரு நிலைகளுக்கும் இடையேயுள்ள தூரம் பெரிது.

இக்குறையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதத்தில் நேராக எதிர்கொண்டது. கணவன் வளைகுடா நாட்டில் பொருள் ஈட்ட, மனைவி இங்கே இல்லத்தையும் பிள்ளைகளையும் பேணிய ஒரு குடும்பத்தின் சொத்து வழக்கில், இல்லத்தரசியின் ஓய்வொழிவற்ற உழைப்பும் சொத்துச் சேர்வதற்கு மறைமுகமான பங்களிப்பே என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கண்டு, சில சொத்துகளில் அவளுக்குச் சரிபாதியை அறிவித்தார். எனினும் அது ஒரு தனி வழக்கின் தீர்ப்பே. விவாகரத்து கோரி வரும் ஒவ்வொருவருக்கும் உரிய விதியாக அதை ஆக்க வல்லது சட்டசபையே.

அத்தகைய விதி நமக்கு எட்டாத கற்பனையன்று. கோவாவில் போர்த்துக்கீசிய ஆட்சியின் எச்சமாக நிலைத்திருக்கும் சிவில் சட்டம், வேறு உடன்படிக்கை இல்லாத தம்பதிகளின் சொத்தை இருவருக்கும் பொதுவாகவே கருதுகிறது. தமிழரிடையேயே யாழ்ப்பாணத்துத் தேசவழமை இருக்கிறது. டச்சு அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இல் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பிய அவ்வழமை, பரம்பரையாக வந்த முதுசத்தையும் பெண்ணுக்கு வழங்கிய சீதனத்தையும் ஒதுக்கிவைத்து, மணவாழ்வின்போது சேர்த்ததைத் தேடிய தேட்டம் என்று தனியே வகைப்படுத்தியது. 1911-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதை இருவருக்கும் சமமாக்கியது. பின்னர் 1947-இல் வந்த திருத்தம் அதன் எல்லையைச் சுருக்கியதும், பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டியிருந்ததும் அவ்வழமையின் குறைகள். ஆயினும், வந்த பொருள் வேறு, கூடித் தேடிய பொருள் வேறு என்று பிரித்தறிந்த அந்த நியாயம் இன்றும் நமக்கு வழிகாட்டத் தக்கது.

குழந்தையின் மேல் விழும் சுமை

குழந்தையைப் பொறுத்தவரை சட்டத்தின் தத்துவம் தெளிவானது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும், 1956-ஆம் ஆண்டின் ஹிந்து மைனர் காப்பாளர் சட்டமும் மைனரின் க்ஷேமத்தையே முதன்மையாகக் கொள்கின்றன. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று பிந்தியது கூறுகிறது. தந்தையே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின்னரே தாய் என்ற அதன் வாசகம் எத்தகைய விளைவை உண்டாக்கியது என்பதற்கு எழுத்தாளர் கீதா ஹரிஹரனின் வழக்கு சான்று. மைனரான தம் மகன் பெயரில் கடன்பத்திரம் வாங்கத் தாம் மட்டும் கையொப்பமிட்டு அவர் அனுப்பிய விண்ணப்பத்தை ஏற்க ரிசர்வ் வங்கி தயங்கியது. தந்தை உயிரோடிருக்கும்போதே, அவர் குழந்தையின் பொறுப்பை ஏற்காத நிலையில், தாய் காப்பாளர் ஆகலாம் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாசகத்துக்குப் பொருள் கண்டது.

ஆனால் தத்துவம் உயர்ந்ததாயிருப்பதால் மட்டும் குழந்தைக்குக் காப்பு ஏற்பட்டுவிடுவதில்லை. பரஸ்பர சம்மத மனுவோடு தாக்கலாகும் சமரசக் குறிப்பில் அடுத்தடுத்து வரும் இரண்டு பத்திகளைப் படித்துப் பாருங்கள். 'மைனர் குழந்தை மனைவியின் பொறுப்பில் இருக்கும்' என்பது ஒன்று. 'மனைவி கடந்தகால, நிகழ்கால, எதிர்கால ஜீவனாம்சம் எதுவும் கோரமாட்டார்' என்பது மற்றொன்று. சட்டத்தில் இவ்விரண்டுக்கும் தொடர்பு இல்லை. பேச்சுவார்த்தை நடந்த அறையில் பெரும்பாலும் தொடர்பு உண்டு. குழந்தையைப் பிரிய நேருமோ என்ற பயத்தில் தாய் பொருளைக் கைவிடுகிறாள்; கேட்ட தொகையைக் கொடுத்தால்தான் ஞாயிறுதோறும் பிள்ளையைப் பார்க்கலாம் என்ற நிர்ப்பந்தத்துக்குத் தந்தையும் சில இடங்களில் ஆளாகிறான். தாய் எழுதிக்கொடுத்தாலும் குழந்தையின் ஜீவனாம்ச உரிமை அழியாது என்று சட்டம் கூறலாம். அதைப் பின்னர் வழக்காடிப் பெறும் வலிமை அவளிடம் மிஞ்சியிருக்க வேண்டுமே! சமரசம் என்ற பெயரால் நீதிமன்றம் அங்கீகரிப்பது பல வேளைகளில் இத்தகைய பேரத்தையே ஆகும். பொருளில் இருவருக்கும் உரிய பங்கு முன்கூட்டியே நிச்சயமாகியிருந்தால், விலை பேசுவதற்குக் குழந்தையைத் தவிர வேறொன்றும் இல்லாத நிலை எவருக்கும் நேராது.

ஆட்சேபங்கள்

சமபங்கு விதித்தால், பொருளாசையால் மணந்து விரைவில் பிரிபவர் பெருகுவர் என்பர் சிலர். மணவாழ்வின்போது ஈட்டியதை மட்டும் பொதுப்பொருளாக்கி, பிதுரார்ஜிதத்தையும் தானமாக வந்ததையும் விலக்கிவைத்தால் இந்த அச்சத்துக்கு இடமில்லை. சில மாதமே நீடித்த விவாகத்தில் பங்கிட அதிகம் இராது. பெண்ணுக்கு மட்டும் சலுகை அளிப்பது அநீதி என்பது வேறொரு வாதம். கணவனின் சொத்தில் மனைவிக்குப் பங்கு வழங்க முயன்ற விவாகச் சட்டத் திருத்த மசோதா 2013-இல் ராஜ்யசபையில் நிறைவேறி, மறு ஆண்டு மக்களவை கலைந்தபோது காலாவதியானதற்கு முன் இவ்வாதம் பலமாக எழுந்தது. அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆகவே உரிமை இருபாலார்க்கும் பொதுவாதல் வேண்டும்; மனைவி ஈட்ட, கணவன் இல்லம் காத்த குடும்பத்துக்கும் அதே விதி பொருந்துதல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

மணவாழ்வில் சேர்ந்த பொருள் இருவருக்கும் சமமாக உரியது என்ற விதியை விவாகச் சட்டத்திலேயே சேர்ப்பது முதற் கடமை. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தத்தம் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் விதித்த முறையைப் பரஸ்பர சம்மத மனுக்களுக்கும் விரிப்பது இரண்டாவது. பொருட்கணக்கு தீர்ந்த பின்னரே, குழந்தையைப் பற்றிய ஏற்பாட்டை நீதிபதி தனியாக ஆராய்ந்து, குழந்தைக்கு விவரம் தெரியும் வயதாயின் அதனோடும் பேசி, முடிவு செய்வது மூன்றாவது. இம்மூன்றில் முதலாவது இல்லாமல் மற்ற இரண்டும் நிலைக்கமாட்டா. பெற்றோர் இருவரும் பிரிந்த பின்பும் நிமிர்ந்து நிற்பதற்குரிய ஆதாரத்தை வழங்காத சட்டம், அவர்கள் குழந்தையின் க்ஷேமத்தைத் தான் காப்பதாகக் கூறிக்கொள்வதற்கு நியாயம் இல்லை.