நம் ஆற்றுத் துறைகளும் படகு கட்டும் ஒழுங்கும்

காவிரித்தாய் பல கிளைகளாகப் பிரிந்து பாயும் நெல் நாட்டில் வாழ்கிறோம். பாலங்கள் பெருகிவிட்ட இந்நாளில், துறை என்றதும் நம் இளைஞருக்குக் குளிக்கும் படிக்கட்டே நினைவுக்கு வரும். நம் முன்னோருக்கோ துறை என்பது ஊரின் வாசல். நெல்லும் உப்பும், மணமக்களும் நோயாளிகளும், திருப்பலி நிறைவேற்ற வந்த குருக்களும் அவ்வாசல் வழியாகவே ஊருக்குள் வந்தனர். அங்கே யார் படகைக் கட்டலாம், யார் அதைத் தடுக்கலாம் என்னும் கேள்வி மிகப் பழையது. ஜூபிலி ஆண்டில் நம் ஆலய வரலாற்றை நினைவுகூரும் வேளையில், நம்மை இணைத்த இத்துறைகளின் வரலாற்றையும் சற்று அறிந்துகொள்வது நன்று.

சங்க நூலாகிய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிறது. உப்பை விற்று, அதற்கு ஈடாக நெல்லை ஏற்றி வந்த படகுகள், லாயத்துக் குதிரைகளைப் போல வரிசையாக முளைகளில் கட்டப்பட்டிருந்தன என்கிறது. துறைமுகத்தில் சுங்கம் வாங்கிய அரச அலுவலர் பண்டங்களின்மீது புலிச்சின்னம் பொறித்த செய்தியும் அதில் உண்டு. ஆகவே, துறை என்றாலே ஒழுங்கும் உண்டு, அரசின் கண்காணிப்பும் உண்டு என்பதை அன்றே நம்மவர் அறிந்திருந்தனர்.

மேற்குலகச் சட்டங்களுக்கு அடித்தளமான ரோமைச் சட்டம் இதுபற்றி என்ன கூறுகிறது? கி.பி. 533-இல் யுஸ்தினியான் பேரரசர் வெளியிட்ட சட்டப் பாடநூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் இயற்கையிலேயே எல்லாருக்கும் பொது என்கிறது. ஆற்றங்கரை நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். அங்கு வளர்ந்த மரமும் அவருடையதே. ஆயினும் அக்கரையில் படகை அணைக்கவும், அம்மரத்தில் கயிற்றைக் கட்டவும், சுமையை இறக்கி வைக்கவும் எவருக்கும் உரிமை உண்டு. மரம் ஒருவருடையது, கயிறு கட்டும் உரிமை எல்லாருடையது!

இவ்வுரிமையால் நம் விசுவாச வரலாறும் பயன் பெற்றது. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை திருத்தலத்தில் பணியாற்றிய வீரமாமுனிவரைப் போன்ற சேசு சபைக் குருக்கள், வெள்ளக் காலத்தில் ஓடக்காரரை நம்பியே இரு கரை மக்களையும் சந்திக்க முடிந்தது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் வேளாங்கண்ணிக் கரையை அடைந்தபோது, அவ்வூர் மீனவர்கள் அவர்களை ஏற்று ஆதரித்தனர் என்பது நம் மரபு. ஆபத்தில் வந்த படகுக்குக் கரை மறுக்கப்படவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் இவை எழுத்து வடிவச் சட்டங்களாயின. நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே வெட்டப்பட்ட கால்வாயில் உப்புத் தோணிகள் ஓடின. கால்வாய்களில் ஓடும் படகுகளையும் பொது ஓடத்துறைகளையும் ஒழுங்குபடுத்த 1890-இல் சென்னை மாகாணச் சட்டம் வந்தது. 1905-ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்புத் தடுப்புச் சட்டம் ஆற்றுப்படுகை, கால்வாய், துறைமுகம் முதலியவற்றை அரசின் உடைமை என்று அறிவித்தது. நாம் புறம்போக்கு என்று பேசும் பேச்சுக்கு இதுவே அடிப்படை. 1908-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டம், பிறர் படகின் கட்டை வேண்டுமென்றே அவிழ்த்து விடுவதைக் குற்றமாக்கியது. ஆனால் மற்றக் கலங்களுக்கு ஆபத்து விளைவிக்கும் கயிற்றை, அவசரம் நேர்ந்தால், வெட்டிவிடும் அதிகாரத்தைத் துறைமுகக் காப்பாளருக்கு அளித்தது. ஒருவரது கயிற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது பொது நன்மைக்கு மேற்பட்டதன்று. அச்சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய துறைமுகச் சட்டம் இயற்றப்பட்டது.

அரசின் உடைமை என்றால், அரசு விரும்பியவருக்கு அதைக் கொடுத்துவிடலாமா? இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் அமைந்த உல்லாச விடுதி ஒன்று, தன் நலனுக்காக ஆற்றின் போக்கையே மாற்றியது. 1996-இல் அவ்வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ரோமைச் சட்டத்தின் அதே கொள்கையை எடுத்துக்காட்டி, இத்தகைய இயற்கைச் செல்வங்களுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்களின் பொருட்டுக் காக்கும் பொறுப்பாளரே என்று கூறியது.

இன்று முத்துப்பேட்டைக் காயலிலும், கொள்ளிடத்துக்கு வடக்கே பிச்சாவரத்திலும் மக்கள் உல்லாசப் படகில் செல்கின்றனர். அது குற்றமன்று, பலருக்குப் பிழைப்பும் தருகிறது. ஆனால் 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை மறத்தலாகாது. 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்குப் பதிவையும் பரிசோதனையையும் கட்டாயமாக்குகிறது. இயந்திரமில்லாத தோணிகளை மாவட்ட, வட்ட, ஊராட்சி அளவில் பதிந்துகொள்ளவும் வழி செய்கிறது. ஏழை ஓடக்காரரும் மீனவரும் இவ்வழியைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் பெயரில்லாதவனின் தோணியைத் துறையிலிருந்து விரட்டுவது எளிது. பெயருள்ளவனை விரட்டுவது அவ்வளவு எளிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நாகை மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் வாரிச் சென்றது. கட்டியிருந்த படகுகளையும் கரைமேல் தூக்கி எறிந்தது. படகை இழந்த குடும்பம் எதையெல்லாம் இழக்கிறது என்பதை அன்று கண்ணாரக் கண்டது நம் பகுதி.

உலகின் நன்மைகள் அனைத்தும் எல்லா மாந்தருக்குமாகவே படைக்கப்பட்டன என்று 2-ஆம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்தது. நம் ஆண்டவரும் கெனசரேத்து ஏரிக்கரையில் அணைந்து நின்ற ஏழை மீனவரான சீமோனின் படகிலேறி அமர்ந்தல்லவா மக்களுக்குப் போதித்தார்! அக்கரை சிலருக்கு மட்டுமே திறந்திருந்தால் அந்தப் படகு அங்கே நின்றிராது.

எனவே, அன்பார்ந்த இறைமக்களே, நம் ஊர்த் துறைக்குச் செல்லும் வழியை எவரும் வேலியிட்டு அடைக்க விடாதிருப்போம். கிராம சபையில் துறைக்காகப் பேசுவோம். புறம்போக்குக் கரையை வளைத்துக்கொள்ளும் ஆசை நமக்கும் வேண்டாம். ஆலயத்தின் பெயரால் செய்தாலும் அது அநீதியே. நம் முன்னோர் நமக்குத் திறந்தே விட்டுச்சென்ற வாசலை நம் பிள்ளைகளுக்கும் திறந்தே விட்டுச்செல்ல, அடைக்கல அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக!