பெருங்குடற் புற்றுநோயும் நிறமூர்த்த மாற்றங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

புற்றுநோயின் தோற்றுவாயைக் கலங்களின் நிறமூர்த்தங்களிலே தேடவேண்டும் என 1914ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் ஜேர்மானிய உயிரியலாளர் தியோடர் போவேரி ஆவார். நெடுங்காலம் ஊகமாகவே கொள்ளப்பட்ட அக்கருத்து, 1960இல் நோவல், ஹங்கர்போர்ட் ஆகியோர் ஒருவகைக் குருதிப் புற்றுநோயில் வழமைக்கு மாறான சிறிய நிறமூர்த்தமொன்றைக் கண்டபோது வலுப்பெற்றது.

ஆயின் ஒரு மாற்றமே புற்றுநோயை விளைவிக்கப் போதுமா? இவ்வினாவுக்குப் பெருங்குடலே தெளிவான விடை தந்தது எனலாம். அங்கு தீங்கற்ற சிறு கழலை முதல் முற்றிய புற்று வரையான படிநிலைகள் அனைத்தையும் ஒப்புநோக்க இயலும். 1988இல் வோகல்ஸ்ரைன் குழுவினர் 172 கட்டிகளை ஆராய்ந்தனர். 5ஆம், 17ஆம், 18ஆம் நிறமூர்த்தங்களில் ஏற்படும் இழப்புகளும் ராஸ் பரம்பரையலகின் விகாரமும் கட்டி முதிருந்தோறும் பெருகக் கண்டனர். இம்மாற்றங்கள் நிகழும் வரிசையினும் அவற்றின் திரட்சியே முதன்மையானது என 1990இல் பியரனும் வோகல்ஸ்ரைனும் நிறுவ முற்பட்டனர். 5ஆம் நிறமூர்த்தத்தில் இழக்கப்படும் ஏபீசீ பரம்பரையலகு 1991இல் இனங்காணப்பட்டது.

எல்லாக் கட்டிகளும் இவ்வழியே செல்வதில்லை. டீஎன்ஏயின் பிழைதிருத்தும் ஆற்றல் குன்றுவதாற் சில தோன்றுகின்றன என்பது 1993இல் வெளிப்பட்டது. எனினும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. பெருங்குடற் புற்று ஒரு நாளில் விளைவதன்று. பல்லாண்டு காலத் திரட்சியின் பயன் அது. அக்கால இடைவெளியிற் கழலையைக் கண்டறிந்து அகற்றின், நோயை வருமுன்னரே தடுத்தல் கூடும். போவேரியின் ஊகம் மானிடர்க்கு அளித்த பெரும்பயன் இதுவே என்பது எமது துணிபு.