அண்ணாவியும் மூப்பரும்: கண்டி நாட்டிற் பொதுநிலையினரின் மறைப்பணி

‘அண்ணாவி’ என்னும் சொல் ஈழத்துத் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் நாட்டுக்கூத்தைப் பழக்கி அரங்கேற்றுபவர் அண்ணாவியார். திண்ணைப் பள்ளிக்கூடத்து ஆசிரியரும் ஒருகாலத்தில் அப்பெயராலேயே அழைக்கப்பட்டார். ஆனால் இதே சொல் சிங்களக் கத்தோலிக்கக் கிராமங்களிலும் நெடுங்காலம் வழங்கிவந்ததென்பது பலர் கவனத்திற்கு வராத செய்தியாகும். கோயிலிற் செபம் சொல்லிக்கொடுப்பவரையும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பவரையும், குருவானவர் இல்லாதவிடத்து வழிபாட்டை முன்னின்று நடத்துபவரையும் அவர்கள் ‘அண்ணாவி’ என்றனர். கோயிற் காரியங்களை மேற்பார்த்த பெரியவர் ‘முப்பு’ எனப்பட்டார். இது ‘மூப்பர்’ என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபேயாகும். இருமொழி மக்களும் ஒரே பெயரால் அழைத்த இப்பதவிகளின் வரலாறு, கண்டி இராச்சியத்தின் வரலாற்றோடு பிரிக்கமுடியாதவாறு பிணைந்துள்ளது.

பொதுநிலையினரை மறைப்பணிக்குப் பயிற்றுதல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் தோன்றிய புதுமை என்று கருதுவோர் உளர். கண்டியைப் பொறுத்தவரை இக்கருத்துப் பொருந்தாது. அம்பிட்டியக் குன்றில் குருமடம் எழுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு அண்ணாவிமார் உருவாக்கப்பட்டுவிட்டனர். குருமார் வந்தனர், சிறைப்பட்டனர், துரத்தப்பட்டனர், மீண்டும் வந்தனர். இடைப்பட்ட காலமெல்லாம் நின்று நிலைத்தவர்கள் இவர்களே.

இம்முறையின் வேரைத் தேடுவோர் முதலில் பாக்கு நீரிணையின் மறுகரைக்குச் செல்லவேண்டும். 1542 முதல் முத்துக்குளித்துறையிற் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், தாம் ஓர் ஊரைவிட்டு அடுத்த ஊருக்குச் செல்லும்போது அங்கு செபங்களைச் சொல்லிக்கொடுக்க உள்ளூர்வாசி ஒருவரை நியமித்துச் செல்வது வழக்கம். இவர்கள் கணக்கப்பிள்ளைகள் எனப்பட்டனர். இவர்களுக்கு ஊதியம் கொடுக்கப் பணம் வேண்டியிருந்தது. போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் பாதணிச் செலவுக்கென அக்கரையோரத்தில் அறவிடப்பட்ட 4,000 பணத்தைச் சவேரியார் இதற்குப் பெற்றுக்கொண்டார். அரசியின் பாதணிகளுக்கான பணம் உபதேசியாரின் கூலியான இந்நிகழ்ச்சி நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனினும் கற்பிப்பவனுக்குச் சோறு வேண்டும் என்ற உண்மையை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. அவர்களுக்குப் பாடநூலும் தேவைப்பட்டது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆகிய அன்றிக் அடிகளாரின் நூல்கள் இத்தேவையிலிருந்தே பிறந்தன. தமிழ் அச்சுக்கலையின் தொடக்கமே உபதேசிமாரின் பயிற்சியோடு தொடர்புடையது எனலாம்.

இலங்கையில் நிலைமை வேறுவிதமாக மாறிற்று. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய பின்னர், கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்போர் மரணதண்டனைக்குரியவராயினர். கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கைக்கு மாறின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கத்தோலிக்கர் குருவானவரின்றியே வாழ்ந்தனர். 1687இல் கோவையிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, அவர் முதலிற் செய்யவேண்டியிருந்தது கத்தோலிக்கரைக் கண்டுபிடிப்பதேயாகும். செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடுவீடாகப் பிச்சையேற்று, அதனைக் கண்டு முகம் மலர்ந்தவர் யாரென அவர் நோக்கினார் என்பர்.

யாழ்ப்பாணத்திற் கெடுபிடி மிகவே, புத்தளம் சென்று அங்கிருந்து 1692இல் அவர் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற குற்றச்சாட்டின் பேரில் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டான். நாளடைவில் மன்னனின் ஐயம் நீங்கிற்று. 1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவி, உறவினரும் நோயாளிகளைக் காட்டில் விட்டுச் சென்ற வேளையில், வாஸ் அடிகளாரும் அவருக்குத் துணையாக வந்த யோசேவ் கர்வாலியோ அடிகளாரும் அவர்களைப் பேணினர். அதன்பின் கண்டி இராச்சியம் முழுவதிலும் தடையின்றி நடமாட அவருக்கு இசைவு கிடைத்தது. பௌத்த மன்னன் ஒருவனின் நிழலிலிருந்துகொண்டு, சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த ஒல்லாந்தரின் ஆட்சிப்பகுதிகளுக்கு இரகசியமாகச் சென்றுவரும் வாய்ப்பு இவ்வாறு உண்டாயிற்று. கண்டியே இம்மறைப்பணியின் தலைமையகமாயிற்று.

ஆனால் தீவு முழுவதற்கும் இருந்த குருமார் விரல்விட்டு எண்ணத்தக்கவர். வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியிற் காலமான வேளையில் கத்தோலிக்கரின் தொகை ஏறத்தாழ 70,000 என மதிப்பிடப்பட்டுள்ளது. ஓர் ஊருக்கு ஆண்டில் ஓரிருமுறைக்கு மேற் குருவானவர் வருதல் இயலாது. ஒவ்வொரு கத்தோலிக்கச் சமூகத்திலும் ஒரு மூப்பரையும் ஓர் அண்ணாவியையும் அமர்த்தும் முறை, இச்சிக்கலுக்கு அவர் கண்ட தீர்வாகும். மூப்பர் கோயிற் சொத்தைக் காத்து, சமூகத்தின் பிணக்குகளைத் தீர்த்து, குருவானவரின் வருகைக்கு வேண்டியவற்றை ஒழுங்குசெய்தார். அண்ணாவியோ ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் நடத்தினார். சிறுவர்க்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். சாகுந்தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இறந்தோரை அடக்கம்செய்யும்போது செபித்தார். குருவானவர் வரும் நாளில் பாவசங்கீர்த்தனத்துக்கும் நற்கருணைக்கும் மக்களை ஆயத்தப்படுத்தி வைத்திருப்பதும் அவர் கடமை. சுருங்கச் சொன்னால், ஆண்டின் ஓரிரு கிழமைகள் தவிர ஏனைய நாளெல்லாம் பங்கு அவர் கையிலேயே இருந்தது.

இம்முறையை வகுத்தவர் யார் என்பதையும் இவ்விடத்துச் சிந்தித்தல் தகும். வாஸ் அடிகளார் கொங்கணி பேசும் பிராமணக் குடும்பத்தவர். கோவையிலிருந்த ஐரோப்பியத் துறவற சபைகள் உள்நாட்டவரைப் பொதுவாகத் தம்முள் ஏற்கவில்லை. அவ்வாறு ஏற்கப்படாத உள்நாட்டுக் குருமார் 1685இல் ஒன்றுகூடி அமைத்துக்கொண்டதே ஒறற்றோரியன் சபை. தகுதியிருந்தும் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள், நாட்டு மக்களிடம் பொறுப்பை ஒப்படைக்கத் தயங்காதது வியப்பன்று. அரசின் படைபலமோ பணபலமோ அவர்களிடம் இல்லை. மக்களையன்றி அவர்களுக்கு வேறு துணையும் இல்லை.

அண்ணாவிக்குப் பயிற்சி எங்கிருந்து கிடைத்தது? கல்லூரி இல்லை, பயிற்சி நிலையமும் இல்லை. புத்தகமே அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது. இதனை ஆக்கியளித்தவர் 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கண்டியிற் சிங்களம் பயின்று, தமிழிலும் தேர்ந்து, 1742இல் போலவத்தையில் இறக்கும்வரை இருமொழிகளிலுமாக முப்பதுக்கு மேற்பட்ட நூல்களை அவர் எழுதினார். வேத வரலாறு, செபத்தொகை, பிரசங்கம், எதிர்வாதம், புனிதர் சரிதை என அவை பலதிறப்பட்டன. தமிழில் ‘தேவ அருள் வேத புராணம்’, ‘வியாகுலப் பிரசங்கம்’ ஆகியனவும், சிங்களத்தில் பாடுகளைப் பற்றிய ஒன்பது பிரசங்கங்களும் பசன் பாடல்களும் குறிப்பிடத்தக்கவை.

இவற்றுள் ‘வியாகுலப் பிரசங்கம்’ தனியே நோக்கத்தக்கது. தபசுகாலத்திற் கிறிஸ்துவின் பாடுகளை நினைந்து வாசிப்பதற்கென அமைந்த ஒன்பது பிரசங்கங்களின் தொகுதி அது. தமிழ் ஊர்களில் அதனை இராகத்தோடு இழுத்து வாசிக்கும் மரபு தோன்றி, தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. ஆனால் அதன் அமைப்பிற் பொதிந்துள்ள நுட்பம் உணர்ச்சிப் பெருக்கைவிட முக்கியமானது. பிரசங்கம் செய்தல் குருவானவரின் உரிமை. அண்ணாவிக்கு அவ்வுரிமை இல்லை. ஆனால் குருவானவர் எழுதிய பிரசங்கத்தை வாசிக்க அவருக்குத் தடையில்லை. எழுதப்பட்ட பிரசங்கம் அண்ணாவியின் வாய்வழியே ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தது. குருவானவர் பத்துக் கல்லுக்கு அப்பாலிருந்தாலும் அவர் குரல் கோயிலிற் கேட்டது. ஒருவர் பல இடங்களில் ஒரே வேளையிற் போதிக்க இதனைவிடச் சிறந்த வழி அக்காலத்தில் இருந்திருக்க முடியாது.

இந்நூல்கள் ஏடுகளிற் பிரதிசெய்யப்பட்டே பரவின. ஒல்லாந்தரிடம் கொழும்பில் அச்சகம் இருந்தது. 1737இல் முதற் சிங்கள நூலை அவர்கள் அச்சிட்டனர். அச்சுப் பொறியும் அரசாட்சியும் பாடசாலைகளும் ஒருபுறமாக, ஓலையும் எழுத்தாணியும் அண்ணாவியும் மறுபுறமாக நடந்த போட்டி அது. ஒல்லாந்தரின் ஆட்சி நீங்கியதும் அவர்களது சமயத்தைச் சேர்ந்தோர் தொகை சுதேசிகளிடையே விரைந்து குன்றியதையும், கத்தோலிக்கர் நிலைத்ததையும் கண்டோர், ஓலையின் வலிமையைக் குறைத்து மதிப்பிடமாட்டார்.

நரேந்திரசிங்கனின் காலத்தில் (1707–1739) நிலவிய ஆதரவு அவனோடு முடிந்தது. ஸ்ரீ விஜய ராஜசிங்கன் 1740களில் குருமாரை வெளியேற்றினான், கோயில்கள் அழிக்கப்பட்டன. கண்டி நாட்டுக் கத்தோலிக்கர் மீண்டும் தனித்து விடப்பட்டனர். போர்த்துக்கேயரின் வழிவந்தோர் எனக் கூறப்படும் மக்கள் வாழ்ந்த மாத்தளைப் பகுதியின் வகாகோட்டை, இக்காலத்தைக் கடந்துவந்த ஊர்களுட் பெயர்பெற்றது. புனித அந்தோனியாரின் பக்தியையும் மனனஞ்செய்த செபங்களையும் பற்றிக்கொண்டு, குருவானவரின்றி அம்மக்கள் பல்லாண்டு காலம் தம் சமயத்தைக் காத்தனர்.

அதே கண்டியில் பௌத்த சமயமும் இதனையொத்த இடரில் இருந்ததென்பது ஒப்புநோக்கத்தக்கது. உபசம்பதா பெற்ற பிக்குகளின் வரிசை அறுந்துபோக, ‘கணின்னான்சே’ எனப்பட்ட முழுநிலைத் துறவு பெறாதோரே விகாரைகளைப் பேணினர். வெலிவிட்ட சரணங்கர தேரரின் முயற்சியால் 1753இல் சீயத்திலிருந்து உபசம்பதா மீளக் கொணரப்பட்டது. பின்வந்தோர் கணின்னான்சேமாரின் ஒழுக்கக் குறைகளை எடுத்துக்கூறிய அளவுக்கு, அவர்கள் விகாரைகளைக் காத்துநின்றதைக் கூறவில்லை. அண்ணாவிமாரின் நிலையும் பெரிதும் வேறன்று.

குறை இல்லாமலுமில்லை. மனனமே கல்வியாக இருந்த இடத்தில் பொருளறிவு குன்றுதல் இயல்பு. அண்ணாவிப் பதவி தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் குடும்ப உரிமையாகவும், மூப்பர் பதவி ஊர்ச்செல்வரின் கௌரவமாகவும் இறுகிய இடங்களும் இருந்தன. பயிற்சிக்குரிய பணி பரம்பரைக்குரியதாகும்போது பயிற்சி தேய்ந்துவிடும்.

பிரித்தானியர் 1806இற் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினர். 1815இற் கண்டியும் அவர்கள் வசமாயிற்று. 1845 முதல் சில்வெஸ்திரின் ஆசீர்வாதப்பர் சபையினர் வரத் தொடங்கினர். 1886இற் கண்டி மேற்றிராசனமாயிற்று. 1893இற் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர், இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்கெனக் கண்டியிற் பாப்பரசர் குருமடத்தை நிறுவினார். இந்நாடுகளின் மக்களே இந்நாடுகளின் மறைப்பணியாளராதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். 1955இல் அது புனேக்கு மாற்றப்பட, அம்பிட்டியவில் இலங்கைக்குரிய தேசிய குருமடம் தொடங்கிற்று. சிறப்பான இவ்வளர்ச்சி அண்ணாவியின் வீழ்ச்சியாகவும் அமைந்தது. குருமார் பெருகினர், மறைக்கல்வி மிசன் பாடசாலையின் வகுப்பறைக்குட் சென்றது, அண்ணாவி மணியடிப்பவராகவும் விளக்கேற்றுபவராகவும் சுருங்கினார். குருவானவருக்கு எட்டு ஆண்டுப் பயிற்சியும் அண்ணாவிக்கு ஒரு திறப்புக் கோவையும் என்ற நிலை உண்டாயிற்று.

மலைநாட்டுத் தோட்டங்களில் இந்நிலை முழுதும் பொருந்தவில்லை. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவருட் கத்தோலிக்கரும் இருந்தனர். அங்கிலிக்கர் 1850களிலேயே திருநெல்வேலி உபதேசிகளை வரவழைத்துத் தோட்டந்தோட்டமாக அனுப்பினர். கத்தோலிக்கப் பங்குகளோ பல தோட்டங்களை உள்ளடக்கிப் பரந்துகிடந்தன. லயத்துக்கருகே அமைந்த சிற்றாலயத்திற் செபமாலை சொல்லத் தொழிலாளருள் ஒருவரே முன்வரவேண்டியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தபோது, பிரிந்தவை குடும்பங்கள் மட்டுமல்ல. இத்தகைய சிறு வழிபாட்டுக் குழுக்களுங்கூட.

அண்ணாவியின் தேவையை மீண்டும் உணர்த்தியது, திருச்சபையின் தீர்மானத்துக்கு முன்னர், அரசின் சட்டமேயாகும். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாயின. வகுப்பறை கைவிட்டுப்போகவே, பங்குகளின் ஞாயிறு மறைப் பாடசாலைகள் முதன்மை பெற்றன. அவற்றிற் கற்பிக்கப் பொதுநிலையினர் பெருந்தொகையினராக வேண்டப்பட்டனர். இழப்பென அன்று கருதப்பட்டது, இரு நூற்றாண்டுக்கு முற்பட்ட ஒழுங்கை மீண்டும் தேடச்செய்தது. வத்திக்கான் சங்கம் 1965இற் பொதுநிலையினரின் அப்போஸ்தலிக்கப் பணி பற்றியும் உபதேசியாரின் பயிற்சி, ஊதியம் பற்றியும் கூறியவை, கண்டியில் ஏற்கெனவே பட்டறிந்த தேவைக்கு விடையாகவே வந்து சேர்ந்தன. 1959 முதல் கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, 1972இற் புதிதாக அமைந்த பதுளை மேற்றிராசனத்துக்குச் சென்று, பண்டாரவளையில் ‘சேவக சேவன’ என்னும் இல்லத்தின் வாயிலாகக் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் ஏற்ற பணியாளரை உருவாக்க முயன்றார்.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், திருச்சபைப் பணிக்குத் தம்மை அர்ப்பணிக்கும் பொதுநிலையினருக்கு உரிய பயிற்சி கடமையென்றும் தக்க ஊதியம் உரிமையென்றும் கூறுகிறது. குருமார் பற்றாக்குறையான பங்கின் மேய்ப்புப் பணியிற் பொதுநிலையினர் பங்கேற்கவும் இடமளிக்கிறது. 2021 மே மாதத்திற் பாப்பரசர் பிரான்சிஸ் உபதேசியார் பணியை ஆண், பெண் இருபாலார்க்கும் உரிய நிலையான திருப்பணியாக நிறுவினார். அவ்வறிக்கையின் இலத்தீன் தலைப்பின் பொருள் ‘தொன்மையான பணி’ என்பதாகும்.

2015 ஜனவரி 14இற் கொழும்பிற் புனிதராக உயர்த்தப்பட்ட வாஸ் அடிகளாரின் கல்லறை கண்டியில் எவ்விடத்தில் இருந்ததென்பது இன்னும் திட்டமாக அறியப்படவில்லை. அவர் அமர்த்திய அண்ணாவிமாருக்கு ஊதியம் தரப் போர்த்துக்கல் அரசியின் பாதணிப் பணம் போன்றதொரு நிதி கிடைக்கவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையென்று கூறும் அந்த ஊதியத்தை யார் கொடுப்பது என்ற வினாவுக்கு, ஏழைத் தோட்டப் பங்குகள் பல ஒவ்வொரு தலைமுறையிலும் தாமே விடை தேடவேண்டியுள்ளது.